ஃபாரூக் மரைக்காயரும் புதுவைச் சட்டமன்றமும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேர். காரைக்காலில் சற்று அதிகம். புதுவை நகரைச் சுற்றி அதனினும் குறைவு. இந்தச் சிறு தொகையிலிருந்து வந்த ஒருவர் மூன்று முறை முதலமைச்சராக இருந்தார். மர்ஹூம் எம்.ஓ.எச். ஃபாரூக் மரைக்காயரை இன்றைய இளைஞர்கள் பலர் கேரள ஆளுநராக இருந்தவர் என்ற அளவிலேயே அறிந்திருக்கிறார்கள். அவருடைய உழைப்பின் தடம் ஆளுநர் மாளிகையில் இல்லை. பாரதி பூங்காவை அடுத்த புதுவைச் சட்டப்பேரவையில் இருக்கிறது.

1937 செப்டம்பர் 6இல் பிறந்த அவர், மாணவப் பருவத்திலேயே பிரெஞ்சிந்திய விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டார். 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962இல்தான் உறுதி செய்யப்பட்டது. 1963இல் சட்டப்பேரவை பிறந்தது. அடுத்த ஆண்டிலேயே, 27ஆம் வயதில், ஃபாரூக் அதன் பேரவைத் தலைவரானார். மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு செய்யும்வரை பிரெஞ்சு மொழியே ஆட்சிமொழியாக நீடிக்கும் என்பது ஒப்பந்தத்தின் 28ஆம் பிரிவு. ஆகவே மொழி பற்றிய பொறுப்பு அந்த இளம் அவையின் மேல் விழுந்தது. 1965ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழுக்கு அரியணை தந்தது. மாஹேயில் மலையாளத்திற்கும் ஏனாமில் தெலுங்கிற்கும் இடமளித்தது. பேரவைத் தலைவர் எந்தப் பக்கமும் சாயக்கூடாதவர். ஆதலால் அச்சட்டம் அவருடையது என்று உரிமை கொண்டாடுவது பொருந்தாது. அந்த அவையை நடத்தியவர் அவர் என்பதே போதிய பெருமை.

1967 ஏப்ரலில், 29 வயதில் முதலமைச்சர். பதினொரு மாதங்களில் அந்த ஆட்சி முடிந்தது. பின்னர் காங்கிரஸிலிருந்து தி.மு.க.வுக்கு வந்தார், 1969 மார்ச்சில் கம்யூனிஸ்ட் கட்சியுடன் கூட்டணி அமைத்து மீண்டும் முதலமைச்சரானார். கட்சி மாறியதைக் குறை சொல்வோர் உண்டு. புதுவை அரசியலில் கட்சி மாறாதவரைத் தேடுவதே கடினம் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்வது நல்லது. விடுதலைப் போராட்டத் தலைவர் வ. சுப்பையா அந்த அமைச்சரவையில் இருந்தார். அக்காலத்தில் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் (1970) நில உச்சவரம்புச் சட்டமும் (1973) இயற்றப்பட்டன. மாநிலப் பட்டியலில் உள்ள பொருளிலும் நாடாளுமன்றத்தின் சட்டத்திற்கு அடங்கியே நடக்க வேண்டிய அவை அது என்பதை நினைவில் வைத்தால், இவற்றின் அருமை விளங்கும்.

1972ஆம் ஆண்டின் இந்து சமய நிறுவனங்கள் சட்டம் தனியே எண்ணிப் பார்க்கத்தக்கது. கோயில்களின் அறங்காவலர்கள், சொத்துகள், வரவு செலவு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் சட்டம் அது. அதைக் கொண்டுவந்த அரசின் தலைமையில் ஐவேளைத் தொழுகைக்குரிய ஒரு சமுதாயத்தைச் சேர்ந்தவர் இருந்தார். வக்ஃப் சொத்துகள் பற்றிய சட்டங்களை யார், எந்த எண்ணத்தோடு இயற்றுகிறார்கள் என்று நாம் கவலையோடு கேட்கும் காலம் இது. அதே கேள்வியை அன்று நம் இந்து அண்டைவீட்டார் அவரை நோக்கிக் கேட்டிருக்க முடியும். அச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. பிறர் சமயச் சொத்தும் ஆட்சியாளர் கையில் அமானிதமே என்று பேசும்போது, நம்மிடம் காட்டுவதற்கு இப்படியொரு ஏடு இருக்கிறது.

அதே ஆட்சியின் 1973ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டமும் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டமும் 1880ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணைக்குப் பதிலாக வந்தவை. மேயர்கள் ஆண்ட பழைய முறை அவற்றால் முடிவுக்கு வந்தது. 1974 ஜனவரி 3இல் அமைச்சரவை பதவி இழந்தது. சட்டங்கள் நடைமுறைக்கு வந்ததோ ஜனவரி 26இல். ஆனால் 1968க்குப் பின் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. 1985 முதல் 1990 வரை காங்கிரஸ் முதலமைச்சராக ஐந்தாண்டு இருந்தபோதும் ஃபாரூக் அதை நடத்தவில்லை. சட்டம் செய்தவரே அதன்படி வாக்குப்பெட்டி வைக்காமல் போனதை, அவர்மீது எவ்வளவு அன்பிருந்தாலும், நாம் குறையாகவே எழுத வேண்டும். தெருவிளக்குக்கும் கழிவுநீர்க் கால்வாய்க்கும் யாரிடம் முறையிடுவது என்று ஒரு தலைமுறையே அதிகாரிகளின் வாசலில் நின்றது.

பிற்காலம் சுருக்கமாகச் சொல்லத்தக்கது. 1991, 1996, 1999 தேர்தல்களில் புதுச்சேரியிலிருந்து மக்களவைக்குத் தேர்வானார். நரசிம்ம ராவ் அரசில் விமானப் போக்குவரத்து, சுற்றுலாத் துறை இணை அமைச்சர். 2004இல் சவூதி அரேபியாவுக்கான இந்தியத் தூதர். மன்னர் அப்துல்லாஹ் 2006 குடியரசு நாள் விழாவுக்குத் தலைமை விருந்தினராக டெல்லி வந்தது அவர் தூதராக இருந்த காலத்தில்தான். பிறகு ஜார்க்கண்டிலும் கேரளத்திலும் ஆளுநர். 2012 ஜனவரி 26 அன்று சென்னையில் வஃபாத்தானார். புதுவை மண்ணிலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

அவர் காலத்துச் சட்டங்களின்படி புதுவையில் உள்ளாட்சித் தேர்தல் 2006இல், 38 ஆண்டுகள் கழித்து நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தபின் மீண்டும் அதிகாரிகளே நிர்வாகத்தை ஏற்றனர்.