கால் மில்லிமீட்டர் பயம்

தேர்தல் தேதி அறிவித்தாகிவிட்டதா? மதுரை, மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் உடனே ஒரு வேலை ஆரம்பமாகும். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதை எடுத்துக்கொண்டு போய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி வருவார்கள். ஓட்டு எண்ணி முடித்தபிறகுதான் திரும்பக் கிடைக்கும்.

அப்படி வந்து சேரும் துப்பாக்கிகளில் 12 போர் இரட்டைக்குழல் இருக்கும். ரைபிள் என்றால் பெரும்பாலும் .315 ஆக இருக்கும். அதென்ன .315? ராணுவத்தின் .303 நமக்குத் தெரியும். அதைவிடக் கொஞ்சூண்டு பெரிதாக ஒன்று எதற்கு?

காரணம், பயம். யாருடைய பயம் என்று பார்ப்போம், வாருங்கள்.

1801. மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கில் போட்டாயிற்று. கம்பெனிக்காரர்கள் அதோடு விடவில்லை. அந்த டிசம்பரிலேயே சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர்களும் அவர்களுடைய ஆட்களும் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். கோட்டைகள் இடிக்கப்படும். இத்தனைக்கும் சின்ன மருது, கர்னல் வெல்ஷ் என்கிற ஆங்கில அதிகாரிக்கு ஒரு காலத்தில் வளரி வீசக் கற்றுக்கொடுத்தவர். வெல்ஷே தன் நினைவுக் குறிப்புகளில் நன்றியோடு எழுதியிருக்கிறார். அதே வெல்ஷ்தான் பிறகு மருதுவை எதிர்த்த படையிலும் இருந்தார். கற்றுக்கொடுத்த கை தூக்குமேடைக்குப் போனது. கற்றுக்கொண்ட கை புத்தகம் எழுதியது.

அடுத்தது 1857. சிப்பாய்கள் கொடுத்த அதிர்ச்சியில் லண்டன் ஒரு விசித்திரமான முடிவு எடுத்தது. அப்போதைய நவீன ஆயுதம் என்ஃபீல்ட் ரைபிள். அதன் குழலுக்குள் திருகுத் திருகாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். குண்டு சுழன்றுகொண்டு போவதால் தூரமும் குறியும் கூடும். இந்தியச் சிப்பாய்க்கு மட்டும் அந்தப் பள்ளங்களை வழித்தெடுத்து, குழலை அகலமாக்கி, வழவழவென்று ஒரு துப்பாக்கி தயாரித்தார்கள். தூரத்துக் குறிக்கு உதவாது. வெளியிலிருந்து பார்த்தால் அதே என்ஃபீல்ட். உள்ளே, வேண்டுமென்றே கெடுத்த சாமான். காசு செலவழித்து ஒரு பொருளை மட்டமாக்கிய தொழிற்சாலையைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

சிப்பாய்க்கே இப்படி என்றால் குடிமக்களுக்கு? 1878-ல் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியர்களுக்கு விலக்கு. 1918-ல் காந்தியே இந்தச் சட்டத்தைக் கடுமையாகச் சாடினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அகிம்சைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். அவரைச் சுட்டது துப்பாக்கி ஆசை இல்லை. ஒரு தேசத்தையே நம்பத் தகாதவர்கள் என்று எழுதி வைத்த அவமானம்.

கையில் ஆயுதமில்லாத மக்களுக்கு என்ன நடக்கும்? உசிலம்பட்டி பக்கத்துப் பெருங்காமநல்லூரைக் கேளுங்கள். குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் ரேகை வைக்க மறுத்த ஊர். 1920 ஏப்ரல் 3-ம் தேதி போலீஸ் சுட்டது. 16 பேருக்குக் குறையாமல் செத்தார்கள்.

இப்போது வியாபாரிகள் கதைக்கு வருவோம். 1900-களில் அரசாங்கம் இன்னொரு தடை போட்டது. ராணுவத் தோட்டா பொருந்துகிற துப்பாக்கி தனியாரிடம் இருக்கக் கூடாது. .303-க்குத் தடை. பழைய மார்ட்டினி ஹென்றி ரைபிளை நினைத்து .450-க்கும் தடை. கலகக்காரர்கள் தோட்டாவைத் திருடிப் பயன்படுத்திவிட்டால்?

புலியும் யானையும் சுட வந்த துரைமார்கள் தவித்துப் போனார்கள். பிரிட்டிஷ் கம்பெனிகள் கண்ணீர் வடிக்கவில்லை. ஸ்கேலை எடுத்தார்கள். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1907-ல் .465 கொண்டுவந்தது. .470, .475, .476 எல்லாம் சக்கைப்போடு போட்டன. .303-க்குப் பதில் ஆஸ்திரியாவின் மான்லிஷர் தோட்டா வந்தது. அதுதான் நம்ம .315. தடை செய்த குண்டுக்கும் .465, .315 குண்டுகளுக்கும் விட்டத்தில் வித்தியாசம் சுமார் கால் மில்லிமீட்டர். ஒரு விசிட்டிங் கார்டு தடிமன். ராஜவிசுவாசத்துக்கும் ராஜதுரோகத்துக்கும் நடுவே அவ்வளவுதான் இடைவெளி!

போலீஸையாவது நம்பினார்களா? ம்ஹும். .303 ரைபிளின் குழலை வழவழப்பாக்கி, தோட்டா அறையை மரக்கட்டையால் அடைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடுகிற .410 மஸ்கட் ஆக்கிக் கொடுத்தார்கள். அதற்கென்று தனித் தோட்டா. நம்மூர் போலீஸ் ஸ்டேஷன்களிலும் அந்த மஸ்கட் நெடுங்காலம் இருந்தது.

இந்தக் கலையின் உச்சம் எகிப்தில் நடந்தது. அங்கேயும் பிரிட்டிஷ் ஆதிக்கம், அதே பயம். கிராமக் காவலர்களுக்காக கிரீனர் என்கிற பர்மிங்ஹாம் கம்பெனி ஒரு துப்பாக்கி செய்தது. விசைக்குக் கீழே ஒரு லீவர். அதை இழுத்தால் வாய் திறக்கும். ஒரு தோட்டா போடலாம். கடையில் கிடைக்காத 14 போர் அளவு. களவு போனாலும் தோட்டா கிடைக்காது என்று கணக்கு. ஆனால், 16 போர் தோட்டாவில் காகிதத்தைச் சுற்றினால் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது! முதல் உலகப் போருக்குப் பின் வந்த புது மாடலில் கம்பெனி உஷாரானது. கழுத்து குறுகிய பாட்டில் மாதிரித் தனித் தோட்டா. அதற்கேற்ப மூன்று முனையுள்ள அடி ஊசி. வேறு தோட்டாவைப் போட்டால் வெடிக்காது.

எல்லாவற்றையும் யோசித்தவர்கள் எல்லையை யோசிக்கவில்லை. 1911-ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் கைத்துப்பாக்கி. பயிற்சி எடுத்தது பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியில். வெள்ளைக்காரன் சட்டம் அங்கே செல்லாது.

சுதந்திரம் வந்தது. 1959-ல் புதிய ஆயுதச் சட்டமும் வந்தது. நிற பேதம் அதில் இல்லை. ஆனால், ராணுவ அளவுகளைத் தனியார் தொடக் கூடாது என்ற கோடு மட்டும் நீடித்தது. அதனால்தான் இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலை ஜனங்களுக்கு .315 செய்தது. அதனால்தான் நம் நாட்டு ரிவால்வர் .38 ஆக இல்லாமல் .32 ஆக இருக்கிறது. 2016 விதிகளின்படி, 20 ஜூலுக்கு உட்பட்ட .177 ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. உற்பத்தியாளர்கள் ஸ்பிரிங்கை அந்தக் கணக்குக்கே அடக்கி வைக்கிறார்கள். 2019 திருத்தம் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தது.

கட்டுப்பாடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தெருவுக்குத் தெரு துப்பாக்கி கிடைக்கும் தேசங்களின் கதியைத் தினமும் டி.வி.யில் பார்க்கிறோம். ஆனால், ஒரு வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது. குடிமகனைக் காப்பாற்றப் போடும் சட்டம் வேறு. குடிமகனிடமிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அரசாங்கம் போடும் சட்டம் வேறு. வெள்ளைக்காரன் போட்டது இரண்டாவது வகை. நாம் அதை முதல் வகையாக மாற்றிக்கொள்ளப் பார்க்கிறோம். அளவு மட்டும் மாறவே இல்லை.

அடுத்த தேர்தலில் .315 ஒன்று ஸ்டேஷனுக்குப் போகிற செய்தியைப் படித்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு துப்பாக்கியின் அளவு மட்டுமில்லை. ஒரு சாம்ராஜ்யம் நம்மைப் பார்த்து எவ்வளவு பயந்தது என்பதன் அளவும்கூட.