சாகப் பிறந்த புரோகிராம்கள்

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தொழில்துறைப் பிரமுகர்களுக்கு ஒரு டெமோ. காட்டுகிறவர் ஜான் மெக்கார்த்தி, 1958-ல் லிஸ்ப் என்ற கம்ப்யூட்டர் மொழிக்குப் பிள்ளையார் சுழி போட்டவர். டைப்ரைட்டர் மாதிரி ஒரு மிஷின் விநாடிக்குப் பத்து எழுத்து வீதம் விடைகளை அடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று கணக்கை விட்டுவிட்டு, குப்பை அள்ளுகிறவரைக் கூப்பிட்டிருப்பதாக அடித்தது! கூடவே, எவ்வளவு குப்பை அள்ளினார் என்று பக்கம் பக்கமாகப் புள்ளிவிவரம். சபை விழுந்து விழுந்து சிரித்தது.

விஷயம் இதுதான். ஒத்திகையில் சேர்ந்த மிச்சத்தைத் துடைக்காமலே டெமோவை ஆரம்பித்துவிட்டார்கள். மெமரி தீர்ந்துபோய், அப்போதுதான் புதிதாகச் செய்திருந்த கார்பேஜ் கலெக்டர் வேலையில் இறங்கிவிட்டது.

வெப் வந்தபோது இந்தத் தொல்லையே இல்லை என்று தோன்றியது. 1993-ல் வந்த சி.ஜி.ஐ. முறைப்படி, நீங்கள் ஒரு பக்கம் கேட்டால் சர்வரில் ஒரு புரோகிராம் பிறக்கும். பக்கத்தைக் கொடுக்கும். செத்துப்போகும். அது பிடித்து வைத்திருந்த மெமரி மொத்தமும் சர்வருக்கே திரும்பிவிடும். வாழை இலைச் சாப்பாடு மாதிரி. சாப்பிட்டோமா, இலையை எடுத்துப் போட்டோமா, முடிந்தது. யார் கழுவுவது?

1995-ல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பிஎச்பியும் இலைச் சாப்பாட்டு ஜாதிதான். பக்கம் முடிந்ததும் எல்லாவற்றையும் துடைத்துவிடும். அபாச்சி சர்வர் இன்னும் கெட்டி. இத்தனை பக்கம் பரிமாறியதும் ஆளையே மாற்று என்று அதற்குச் சொல்லி வைக்கலாம்.

சிக்கல் எங்கே வந்தது? லட்சம் பேருக்கு மெயில் அனுப்பு, ராத்திரி முழுக்க ஓடு என்று அதே ஸ்கிரிப்ட்டிடம் சொன்னபோது. யாருக்கும் வேண்டாத பொருளைத்தான் பிஎச்பி தூக்கிப் போடும். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றால்? இரண்டும் யாருக்கோ வேண்டியவை என்று விட்டுவிடும். இந்த மாதிரி ஜோடிகளைப் பிரித்து அள்ளும் வசதி 2009-ல், 5.3 பதிப்பில்தான் வந்தது.

சின்ன ஒழுக்கு என்ன செய்துவிடும் என்கிறீர்களா? 2012 அக்டோபர் 22 அன்று அமேசானின் வடக்கு வர்ஜீனியா டேட்டா சென்டரில் நடந்ததைக் கேளுங்கள். அதற்கு முந்தைய வாரம் பழுதான ஒரு சர்வரை மாற்றியிருந்தார்கள். புது விலாசம் சில மிஷின்களுக்குப் போய்ச் சேரவில்லை. அவை பழைய கதவையே தட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு தட்டலுக்கும் கொஞ்சம் மெமரி ஒழுகியது. கடைசியில் மெமரி தீர்ந்து மிஷின்கள் திணற, ரெட்டிட் போன்ற பிரபல தளங்கள் படுத்துவிட்டன.

வைத்தியம் பெரிதாக ஒன்றுமில்லை. லட்சம் வரியையும் ஒரே வாயில் விழுங்காமல், கைப்பிடி கைப்பிடியாகப் படிக்க வேண்டும். திறந்ததை மூட வேண்டும். மெமரி ஏறுகிறதா என்று நடுநடுவே பார்க்க வேண்டும். அப்படியும் ஏறினால், ஆயிரம் மெயிலுக்கு ஒருமுறை ஸ்கிரிப்ட்டைத் தானாகச் செத்து மறுபடி பிறக்கச் சொல்லிவிடலாம். இலை மாற்றுவதில் வெட்கமென்ன?