குறுநடைப் பருவத்தில் உடை மாற்றம்

குறுநடைப் பருவத்தில் உடை மாற்றம் என்பது, ஏறத்தாழ ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகள் தமக்குப் பழகிய உடையை விட்டு வேறு வகை உடைக்கு மாறும்போது எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளையும், அவற்றைக் கடக்கப் பெரியோர் செய்யும் உதவிகளையும் குறிக்கும். கோடை உடையிலிருந்து குளிர்கால உடைக்கு மாறுதல், அணையாடையை விட்டு உள்ளாடை அணியத் தொடங்குதல், சிறியதாகிப்போன சட்டையைக் கைவிடுதல், விழாநாள் புத்தாடை, மழலையர் பள்ளிச் சீருடை முதலியன இம்மாற்றங்களுள் அடங்கும். இப்பருவத்தினர் பலர் புதிய உடையைக் கண்டு அழுவதும், அணிவித்த உடையைக் களைந்து எறிவதும், ஒரே சட்டையையே நாள்தோறும் கேட்பதும் இயல்பானவை. இதனைப் பிடிவாதம் என்று மட்டும் கொள்வது பெரும்பாலும் தவறாகும்.

காரணங்கள்

தோலில் உள்ள தொடுவுணர்வு ஏற்பிகளுட் சில, தூண்டல் மாறும்போது மட்டுமே வலுவாகச் செயற்படுகின்றன. தூண்டல் மாறாது நீடித்தால் அவற்றின் துலங்கல் விரைவில் குறைகிறது. வளர்ந்த ஒருவர் காலையில் அணிந்த சட்டையைச் சற்று நேரத்தில் மறந்துவிடுவது இதனாலேயே. நாள்தோறும் அணிந்து, துவைத்து மென்மையான பழைய சட்டை குழந்தைக்கு இவ்வாறு மறந்துபோன உடையாகும். புதிய உடையிலோ கழுத்துப் பட்டியில் தைத்த லேபிள், தடித்த உள் தையல், இறுக்கமான எலாஸ்டிக், கஞ்சிப் பசையின் விறைப்பு, கடைத் துணியின் வாசனை ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் உணரப்படுகின்றன. எது உறுத்துகிறது என்று சொல்லும் மொழிவளம் இரண்டு வயதில் இல்லை. ஆகவே குழந்தை முழு உடையையும் மறுக்கிறது.

உடலமைப்பும் ஒரு காரணமாகும். பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இருக்கும். வளர்ந்தோரில் இது எட்டில் ஒரு பங்கு அளவினதே. குறுநடைப் பருவத்திலும் தலை உடலோடு ஒப்பிடுகையில் பெரியதாகவே உள்ளது. குறுகிய கழுத்துள்ள சட்டையைத் தலைவழியே இழுக்கும்போது முகம் மூடப்பட்டுப் பார்வை மறைகிறது, காதுகள் இழுபடுகின்றன. ஒருமுறை அவ்வாறு அஞ்சிய குழந்தை அடுத்த முறை சட்டையைக் கண்டதும் ஓடுவதில் வியப்பில்லை. தோள்பகுதி ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து அகலத் திறக்கும் சட்டைகளும், முன்புறம் பொத்தான் வைத்த சட்டைகளும் இதற்குத் தீர்வாகின்றன.

இவற்றோடு உளவியற் காரணங்களும் உள்ளன. எரிக் எரிக்சன் 1950 இல் வெளியிட்ட தம் நூலில், இப்பருவத்தின் முதன்மையான உளவியற் பணியாகத் தன்னாட்சியைக் குறிப்பிட்டார். உணவு, கழிவு, உடை ஆகிய மூன்றுமே குழந்தை தன் விருப்பத்தை நிலைநாட்டக்கூடிய சில களங்கள். எனவே போராட்டமும் அங்கேயே மிகுகிறது. அலெக்சாண்டர் தாமசும் இசுடெல்லா செசும் 1956 இல் நியூயார்க்கில் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, குழந்தைகள் பிறவியிலேயே மனப்போக்கில் வேறுபடுவதை எடுத்துக்காட்டியது. அவர்கள் ஆய்ந்த குழந்தைகளுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் புதியவற்றை முதலில் தவிர்த்து, பின்னர் மெல்லப் பழகும் வகையினர். இத்தகைய குழந்தைக்குப் புதிய உடை மட்டுமன்று, புதிய உணவும் புதிய மனிதரும் கூட நேரம் எடுப்பவையே.

உடுத்தும் திறன்

களைதல் எளிது, உடுத்தல் கடினம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் 2022 இல் திருத்தி வெளியிட்ட வளர்ச்சிப் படிநிலைகளின்படி, பெரும்பாலான குழந்தைகள் 18 மாதத்தில் கையைச் சட்டைக்குள் நுழைத்தோ காலைத் தூக்கியோ உடுத்துபவருக்கு ஒத்துழைக்கின்றனர். 30 மாதத்தில் தளர்வான காற்சட்டை போன்றவற்றைத் தாமே களைகின்றனர். மூன்று வயதில் அவ்வகை உடைகளைத் தாமே அணிகின்றனர். பொத்தானைக் கழற்றுதல் நான்கு வயதிலும், பொத்தானை மாட்டுதல் ஐந்து வயதிலும் எதிர்பார்க்கப்படுபவை. இரண்டு வயதுக் குழந்தையிடம் பொத்தானை மாட்டச் சொல்லிச் சினப்பது பயனற்றது.

குழந்தை தானே செய்ய முயலும்போது மறுப்பு குறைவதைக் காணலாம். இதற்குப் பின்னோக்கிக் கற்பிக்கும் முறை பயன்படுகிறது. பெரியவர் காற்சட்டையை முழங்கால் வரை ஏற்றிவிட்டு, இடுப்புவரை இழுக்கும் கடைசிப் படியைக் குழந்தையிடம் விடுகிறார். அது பழகியபின் அதற்கு முந்தைய படியும் குழந்தையின் பொறுப்பாகிறது. ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவர் குழந்தையே என்பது இம்முறையின் சிறப்பு. 1907 இல் உரோம் நகரில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, பொத்தான், கொக்கி, நாடா முதலியன பொருத்திய மரச்சட்டங்களை உடுத்தும் பயிற்சிக்கெனப் பயன்படுத்தினார். அவர் 1939 இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

பருவகால மாற்றம்

குளிர் நாடுகளில் இச்சிக்கல் ஆண்டுக்கு இருமுறை எழுகிறது. பல மாதங்கள் அரைக்கைச் சட்டையில் திரிந்த குழந்தைக்கு நீண்ட கை, தடித்த காலுறை, கையுறை, குல்லா ஆகியன ஒரே வாரத்தில் வந்து சேர்கின்றன. இளவேனிலில் இதன் மறுதலையும் நிகழ்கிறது: வெயில் ஏறியபின்னும் கம்பளிச் சட்டையைக் கழற்ற மறுக்கும் குழந்தைகள் உள்ளனர். கையில் துணியின்றி இருப்பதே அவர்களுக்கு அப்போது புதிய உணர்வு. கனடாவிலும் நார்வேயிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பெற்றோர் வெப்ப நாட்டில் வளர்ந்தவர்களாயின், அவர்களும் குழந்தையோடு சேர்ந்தே இவ்வுடைகளைக் கற்க நேர்கிறது.

உடையைப் பருவம் மாறும் முன்னரே வெளியே எடுத்து வைப்பது நல்லது. முதலில் பொம்மைக்கு அணிவித்தல், வீட்டினுள் சில நிமிடங்கள் அணிந்து விளையாடுதல், பின்னர் வெளியே செல்லுதல் எனப் படிப்படியாகப் பழக்கலாம். குளிர்மேலங்கியை அணியப் பள்ளிகளில் கற்பிக்கப்படும் ஒரு முறை குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தமானது. மேலங்கியின் உட்புறம் மேலே தெரியுமாறு, கழுத்துப் பட்டி குழந்தையின் காலடியில் இருக்கும்படி தரையில் விரிக்க வேண்டும். குழந்தை குனிந்து இரு கைகளையும் கைப்பகுதிகளுக்குள் நுழைத்து, அப்படியே தலைக்குமேல் தூக்கினால் மேலங்கி முதுகில் சரியாக விழும்.

குழந்தை எவ்வளவு விரும்பினாலும் விட்டுக்கொடுக்கக் கூடாதவையும் உண்டு. பருத்த குளிர்மேலங்கியுடன் மகிழுந்தின் குழந்தை இருக்கையில் அமர்த்தி வார் பூட்டக்கூடாது. மோதலின்போது மேலங்கி அமுங்கி, வார் தளர்ந்துவிடும். மெல்லிய உடையில் வாரைப் பூட்டியபின், மேலே போர்வை போர்த்துவதே பாதுகாப்பானது. கழுத்தருகே தொங்கும் இழுகயிறுகள் விளையாட்டுச் சறுக்குகளில் சிக்கிக் குழந்தைகள் இறந்ததுண்டு. அமெரிக்க நுகர்வோர் பொருட்கள் பாதுகாப்பு ஆணையம் 1996 இல் இதற்கென வழிகாட்டுதல் வெளியிட்டது.

விழாக்கால உடை

பட்டுப்பாவாடையின் சரிகை உலோகம் சுற்றிய இழை என்பதால், உட்புறம் தோலில் உராயும். முழு உட்பகுதியிலும் மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தைப்பதும், உள்ளே பழகிய பனியனை அணிவிப்பதும் உறுத்தலைப் பெரிதும் குறைக்கும். பருத்திப் புத்தாடையாயின் இருமுறை துவைத்தால் பசையும் மிகைச் சாயமும் நீங்கும். புதுத்துணியைத் துவைக்காமல் உடுத்தவேண்டும் என்று கருதும் வீடுகளில் பூசைநேரம் மட்டும் அணிவித்து, பின் மாற்றிவிடுகின்றனர்.

தேர்வு அளித்தல்

"சட்டை போடலாமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்பதே விடையாகும். "நீலச் சட்டையா, மஞ்சள் சட்டையா?" என்று கேட்பது உடுத்துவதை உறுதி செய்து, எதை என்பதைக் குழந்தையிடம் விடுகிறது. இரண்டுக்கு மேல் காட்டுவது குழப்பும். விரும்பிய சட்டை சிறியதாகிவிட்டால் மறைத்து எறிந்துவிடாமல், பொம்மைக்கு உடுத்தவோ தலையணை உறையாக்கவோ செய்யலாம். டொனால்டு வின்னிகொட் 1953 இல் விளக்கிய, தாயின் அருகாமைக்கு ஈடாகக் குழந்தை பற்றிக்கொள்ளும் பொருளாக அச்சட்டையே இருக்கக்கூடும்.

மருத்துவ ஆலோசனை

அமெரிக்கத் தொழில்வழி மருத்துவர் ஜீன் ஏயர்சு, சாதாரணத் தொடுகையைக் கூடத் தாங்க இயலாத நிலையை 1960களில் தொடுகைத் தற்காப்பு என விவரித்தார். 2013 இல் வெளிவந்த அமெரிக்க உளநோய் மருத்துவச் சங்கத்தின் ஐந்தாம் பதிப்புக் கையேடு, புலன் தூண்டல்களுக்கு மிகையாகவோ குறைவாகவோ துலங்குவதை மதியிறுக்கத்தின் அறிகுறிகளுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆயினும் உடை மறுப்பை மட்டும் கொண்டு மதியிறுக்கம் என முடிவுசெய்ய இயலாது. புலன்செயலாக்கக் கோளாறு என்பதைத் தனி நோயாக அறுதியிடுவதைத் தவிர்க்குமாறு அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012 இல் பரிந்துரைத்தது. உடை மறுப்போடு பேச்சுத் தாமதம், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, தலைவாரலையும் குளியலையும் தாங்காமை போன்றவை சேர்ந்திருந்தாலோ, உடுத்தும் போராட்டம் குடும்பத்தின் அன்றாட வாழ்வையே குலைத்தாலோ குழந்தை மருத்துவரை அணுகவேண்டும். திடீரெனத் தோன்றிய மறுப்பாயின் முதலில் தோலைப் பார்ப்பது நல்லது. வேர்க்குருவும் கரப்பானும் உள்ள உடம்பில் எந்தச் சட்டையும் உறுத்தவே செய்யும்.