தொப்பி செய்த இரு நகரங்கள்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம்மவர் வழக்கு. மேலை நாடுகளில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அந்த ஆடைப் பாதியிலும் பெரும்பங்கு தலைமேல் இருந்தது. தொப்பியின்றித் தெருவில் இறங்கிய ஆடவனை வறியவன் என்றோ நெறி பிறழ்ந்தவன் என்றோ ஊரார் ஐயுற்ற காலம் அது. வடநாட்டுக் குளிருக்கு அஞ்சிக் குரங்குக் குல்லாய்க்குள் முகம் புதைக்கும் நமக்குத் தலையணி காதுக்குக் காப்பு, அவ்வளவே. அவர்களுக்கோ அது ஒருவன் இன்னான் என உரைக்கும் அடையாளம்.

தொப்பிகளின் பிறப்புக் கதைகள் சுவையானவை. 1676இல் தோன்றிய இலண்டன் லாக் கடையில், 1849இல் எட்வர்டு கோக் என்பார் தம் வேட்டைக் காவலர்களின் தலையை மரக்கிளைகள் தாக்காதவாறு கெட்டியான தொப்பி ஒன்று வேண்டினார். செய்து வந்த தொப்பியைத் தரையில் வைத்து மிதித்துப் பார்த்த பின்னரே விலை கொடுத்தார் என்பர். செய்தவர் குடிப்பெயரால் அது பௌலர் ஆயிற்று. 1882இல் சார்தூ எழுதிய நாடகத்தில் சாரா பெர்ன்ஹார்ட் நடித்த தலைவியின் பெயர் ஃபெடோரா. ஒரு பெண்ணின் பெயர் தாங்கிய தொப்பியைத்தான் பின்னாளில் ஆடவர் ஆண்மைக்கு அடையாளமாக அணிந்து உலவினர்!

இத்தகைய தொப்பிகளால் புகழ்பெற்றது இத்தாலியின் அலெசாண்ட்ரியா நகரம். பாரிசில் தொழில் பயின்று மீண்ட ஜுசெப்பே போர்சலினோ 1857இல் அங்குத் தம் பட்டறையை நிறுவினார். முதல் உலகப் போர் மூளுமுன் ஆண்டுக்கு இருபது இலட்சம் தொப்பிகள் அங்கிருந்து வெளியேறின. எல்லாம் ஒரே மர அச்சில் வார்த்தவை போன்றவையே. ஆயினும் வாங்கியவன் கைபட்டதும் ஒவ்வொன்றும் வேறாயிற்று. ஒருவன் உச்சியில் ஆழ்ந்த மடிப்பு இடுவான். ஒருவன் முன்புறத்தில் இருவிரல் பதித்து ஒடுக்குவான். மற்றொருவன் விளிம்பை ஒரு கண்மேல் சரித்து இறக்குவான். ஆலைப் பொருள் தனிமனிதனின் பாணி ஆனது இவ்வாறே. எழுத்துக்குக் கையெழுத்து எப்படியோ, தொப்பிக்கு அந்த மடிப்பு அப்படி.

அந்த மடிப்பை ஏற்று நிற்கும் ஆற்றல் ஃபெல்ட் என்னும் பொருளுக்கு உரியது. அது நூற்றதும் அன்று, நெய்ததும் அன்று. முயல், நீர்நாய் போன்றவற்றின் மென்மயிரை வெந்நீராலும் நீராவியாலும் பன்முறை அழுத்திச் சுருக்கிச் செறித்த படலம். முயல் மயிர் தானாக எளிதில் பின்னிக்கொள்வதில்லை. ஆதலின் பாதரசத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துத் தோலின்மேல் பூசினர். உலரும்போது மயிர்நுனி காரட் நிறம் கொள்ளும்; அச்செயலுக்கே அத்தொழிலில் காரட்டின் பெயர் வழங்கிற்று. அடைத்த அறைகளில் நீராவியோடு பாதரசமும் எழுந்தது. தொழிலாளர் நாள்தோறும் அதனை மூச்சிழுத்தனர்.

இதன் விலையைக் கொடுத்த ஊர் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள டான்பரி. தொப்பி நகரம் என்றே அதற்குப் பெயர். அங்கே கை நடுங்கியவர், எழுத்துக் கோணியவர், பல் ஆடி விழுந்தவர், காரணமின்றிச் சினந்தவர், பிறர் பார்வைபடக் கூசி ஒதுங்கியவர் எனப் பலர் இருந்தனர். 'டான்பரி நடுக்கம்' என்று ஊர்ப்பெயரையே நோய்க்குச் சூட்டினர். தொப்பிக்காரனின் பித்து என்னும் ஆங்கில வழக்கு 1865இல் வெளிவந்த ஆலிஸ் கதையால் உலகறிந்தது. எனினும் அது கதைக்கு முந்தியது, கதையிலோ பாதரசம் பற்றிய பேச்சே இல்லை. குழந்தைகள் கைகொட்டிச் சிரிக்கும் அப்பாத்திரத்தை டான்பரித் தொழிலாளியின் மனைவி எங்ஙனம் படித்திருப்பாள் என எண்ணாதிருக்க முடியவில்லை.

அவ்வூரார் வாளா இருந்தவர் அல்லர். 1902இல் லோ என்பவரின் ஆலையில் சங்கத்தை ஏற்குமாறு வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வாலைத் தொப்பிகளை எங்கும் வாங்காதீர் என நாடெங்கும் வேண்டினர். முதலாளி வழக்குத் தொடுத்தார். பெருவணிகக் கூட்டுகளை அடக்க இயற்றப்பட்ட ஷெர்மன் சட்டம் தொழிலாளர்மேலும் பாயும் என்று 1908இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இருநூற்றுக்கு மேற்பட்ட தொழிலாளர் தனித்தனியே பொறுப்பாளர் ஆயினர்; குடியிருந்த வீடுகளும் வங்கியில் சேர்த்த சிறுபணமும் முடக்கப்பட்டன. 1915இல் இழப்பீடும் உறுதியாயிற்று. 1917இல் ஏறத்தாழ 2,34,000 டாலருக்கு வழக்கு முடிந்தது. பிற ஊர்த் தொழிலாளர் திரட்டிய நிதி கைகொடுத்தது. இத்தனை வழக்காடலிலும் பாதரசம் ஒரு பொருட்டாகவில்லை என்பதை நோக்குக. அது தொப்பித் தொழிலினின்று விலக்கப்பட்டது 1941இன் இறுதியில்தான். போர்க்கருவிகளுக்குப் பாதரசம் வேண்டியிருந்ததும் ஒரு காரணம் என்பர்.

தொழில் நஞ்சு நீங்கிச் சில ஆண்டுகளுக்குள் தொப்பி அணியும் வழக்கமே தளர்ந்தது. 1961இல் பதவியேற்ற கென்னடி தொப்பியின்றி வந்தமையால் வாணிகம் வீழ்ந்தது எனப் பலரும் கூறுவர். அவர் அன்று பட்டுத் தொப்பி அணிந்தே வந்தார், உரையாற்றும்போதுதான் கழற்றினார். சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கூரை தாழ்ந்த மோட்டார் வண்டியில் தொப்பிக்கு இடமில்லை. போரில் ஆண்டுக்கணக்காகத் தலைக்கவசம் சுமந்து மீண்ட இளைஞர் பலர் வெறுந்தலையையே விரும்பினர்.

டான்பரியின் கடைசித் தொப்பி ஆலை 1987இல் மூடப்பட்டது. 2017 டிசம்பரில் போர்சலினோ நிறுவனமும் நொடித்ததாக அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு வேறொருவர் வாங்கி அதே பெயரில் தொழிலைத் தொடர்ந்தார். டான்பரியூடே ஓடும் ஸ்டில் ஆற்றின் வண்டலை ஆராய்ந்தோர் தொப்பி ஆலைகள் கழித்துவிட்ட பாதரசம் அடியில் படிந்து கிடப்பதைக் கண்டனர்.