மிஸ்ரின் மறுமலர்ச்சி: ஒறாபி பாஷாவுக்குப் பின் எழுந்த சிலை

சிறு வயதில் கண்டியில் ஒறாபி பாஷா வாழ்ந்த வீட்டை வாப்பா எனக்குக் காட்டினார். "தோத்துப்போய் இங்க வந்தவரா?" என்று கேட்டேன். "தோக்கல்ல மகன், அவருட நேரம் வரல்ல" என்றார். அதன் பொருள் எனக்கு விளங்கியது, கெய்ரோவில் உள்ள ஒரு சிலையைப் பற்றிப் படித்த பிறகுதான்.

1882இல் ஆங்கிலேயரிடம் தோல்வியுற்று, 1883இல் கொழும்பு வந்திறங்கிய அஹ்மத் ஒறாபி ஒரு ஃபல்லாஹ், அதாவது கிராமத்து விவசாயியின் மகன். 1901 வரை நம் மத்தியில் வாழ்ந்தார். அவர் காலத்துக் கெய்ரோவின் சதுக்கங்களில் நின்ற சிலைகள் ஆட்சியாளர்களினதும் தளபதிகளினதும், வடித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். மண்ணை உழுதவனுக்கு அங்கே இடமில்லை.

அந்த இடத்தைப் பெற்றுக்கொடுத்தவர் மஹ்மூத் முக்தார். 1891இல் நைல் டெல்டாக் கிராமமொன்றில் பிறந்து, கால்வாய்க் களிமண்ணில் உருவம் பிசைந்து விளையாடியவர். 1908இல் கெய்ரோவில் நுண்கலைப் பள்ளி திறக்கப்பட்டபோது முதல் தொகுதி மாணவர்களில் ஒருவரானார். பின்னர் பாரிஸ் சென்றார். 1919 புரட்சியின் செய்தி அங்கே அவரை எட்டியது. 1920இல் பாரிஸ் கண்காட்சியில் வைத்த மாதிரியுருவுக்கு 'நஹ்ளத் மிஸ்ர்' - மிஸ்ரின் மறுமலர்ச்சி - என்று பெயரிட்டார்.

முன்னங்கால்களை ஊன்றி எழும்பும் ஸ்பிங்ஸ். பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒரு ஃபல்லாஹ் பெண். ஒரு கை ஸ்பிங்ஸின் தலைமீது. மறு கை முகத்திரையை விலக்குகிறது. ராணியுமல்ல, தேவதையுமல்ல, வயல்காட்டுப் பெண்! 'அல்-அக்பார்' பத்திரிகை நிதி திரட்ட, பொதுமக்கள் கொடுத்தார்கள். மீதியை அரசு பொறுப்பேற்றது. அஸ்வானின் இளஞ்சிவப்புக் கருங்கல்லில் வடிக்கப்பட்ட சிலை 1928 மே 20இல் ரயில் நிலையத்தின் முன் திறக்கப்பட்டது. 1955இல் ரம்ஸீஸின் சிலைக்கு அவ்விடத்தை விட்டுக்கொடுத்து, கெய்ரோப் பல்கலைக்கழகத்தின் முன்னால் போய் நின்றது.

"முஸ்லிம்களுக்குச் சிலை எதுக்கு?" என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மிஸ்ரிலும் கேட்டார்கள். ஒறாபியின் எழுச்சியை ஆதரித்து நாடுகடத்தப்பட்டவர்தான் முஹம்மது அப்துஹு. பிற்காலத்தில் மிஸ்ரின் முஃப்தியாக இருந்தபோது, வணக்கத்துக்குரியதாகும் அபாயம் நீங்கிய இடத்தில் உருவங்களைத் தடுக்கக் காரணமில்லை என்ற கருத்தை எழுதினார். உலமாக்கள் பலர் அதை ஏற்கவில்லை. விவாதம் இன்றும் முடியவில்லை. நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கல்லை யாரும் வணங்கவில்லை. அதில் தங்களை அடையாளம் கண்டார்கள் என்பது வரலாறு.

முக்தார் 1934இல், 42 வயதில் மறைந்தார். கெய்ரோவுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் அவர் வடித்த ஸஅத் ஸக்லூல் சிலைகள் 1938இல்தான் திறக்கப்பட்டன. அவற்றைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1962இல் அவர் பெயரில் அருங்காட்சியகமொன்று திறந்தார்கள். ஸக்லூலும் கிராமத்திலிருந்து வந்தவர், அப்துஹுவின் மாணவர். ஒறாபியிலிருந்து அப்துஹு, அங்கிருந்து ஸக்லூல், பிறகு முக்தார்: ஒரே சங்கிலி.

ஒறாபியின் கதையை நாம் கொழும்பிலும் கண்டியிலும் நிறுத்திவிடுகிறோம். அது அங்கே முடியவில்லை. அவர் நாடு திரும்பி 27 வருடங்களில், அவருடைய வயல்காட்டு மக்கள் தலைநகரின் வாசலில் கருங்கல்லாய் எழுந்து நின்றார்கள். வாப்பா சொன்ன நேரம் அதுதான்.