புகையும் ஆவியும்: சொல்வழி ஒரு வரலாறு

புதிய பொருளொன்று நாட்டிற் புகும்பொழுது அதன் பெயரும் உடன் புகும். அன்றேல் அந்நாட்டு மக்களே அதற்கொரு பெயரைப் படைத்துக்கொள்வர். அப்பெயரை ஆராயுமிடத்து, அப்பொருளை அவர் எவ்வாறு கண்டனர் என்பது புலனாகும். புகைக்கும் வழக்கத்தைக் குறித்த சொற்கள் இதற்குத் தக்க சான்றாவன.

அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய புகையிலை, 16 ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் வழியாகக் கீழைநாடுகளில் வேரூன்றிற்று. ஐரோப்பியர் அதன் அயற்பெயரையே ஏற்றனர். தமிழரோ அதன் பயன்கருதிப் 'புகையிலை' என்றனர். தெலுங்கரின் 'பொகாகு', கன்னடரின் 'ஹொகெசொப்பு', சிங்களவரின் 'தும்கொள' என்பனவும் அப்பொருளினவே. இலையைச் சுருட்டியமையாற் 'சுருட்டு' ஆயிற்று. அச்சொல்லே திரிந்து ஆங்கிலத்திற் 'செரூட்' என வழங்குகின்றது. 'பீடி' என்பதோ, வெற்றிலைச் சுருளைக் குறித்த 'வீடிகா' என்னும் வடசொல்லின் வழிவந்தது.

வினைச்சொற்களும் நோக்கற்பாலன. சுருட்டைக் 'குடித்தல்' என்பது தமிழ் வழக்கு. சிங்களம், இந்தி, அரபு முதலிய மொழிகளிலும் புகை குடிக்கப்படுவதே. 17 ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரும் புகையிலையைக் 'குடித்தனர்'. தமிழகத்து இளைஞர் வழங்கும் 'தம் அடித்தல்' என்பதில் உள்ள 'தம்', மூச்சு எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லாகும்.

ஊவா மலைநாட்டிலும் இச்சொற்கள் வேரூன்றின. 1893 இல் இருப்புப்பாதை அப்புத்தளையை எட்டியது. யாழ்ப்பாணத்தார் தென்னிலங்கையிலும் மலைநாட்டிலும் நடத்திய சுருட்டுக்கடைகள் பெயர்பெற்றவை. தேயிலைத் தோட்டங்களில் வெற்றிலையோடு புகையிலையை மெல்லும் வழக்கமும் நிலைத்தது. அங்குப் புகையிலை புகைக்கப்படாவிடினும் பெயர் மாறவில்லை. அவ்வாறே, நீராவி எஞ்சின்கள் மறைந்து டீசல் வண்டிகள் ஓடும் இந்நாளிலும் அப்புத்தளை மக்கள் 'புகையிரதம்' என்றே வழங்குகின்றனர். பொருள் மாறினும் பெயர் நிலைப்பது சொல்லின் இயல்பு.

மின்சிகரெட்டின் வரலாறு இதற்கு மாறானது. இங்குப் பொருளின் உட்கூறு நிலைத்தது, பெயரே மாறிற்று. ஆவி எனப் பொருள்படும் 'வேப்பர்' என்பதன் குறுக்கம் 'வேப்'. 1983 இல், அந்நாளிற் கற்பனையாயிருந்த ஒரு கருவியைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் 'வேப்பிங்' என்னும் சொல் காணப்படுகின்றது. சீன மருந்தாளர் ஹொன் லிக் இக்காலக் கருவியை அமைத்தது 2003 இலாகும்; சொல், பொருளுக்கு இருபதாண்டு முந்தியது! 2014 இல் ஒக்ஸ்போட் அகராதியார் 'வேப்' என்பதை அவ்வாண்டின் சொல்லாகத் தெரிந்தெடுத்தனர். மிகுதியாக ஊதிப் போட்டியிடுவோர் தம் செயலை 'முகிலைத் துரத்துதல்' என்றனர். 'ஜூல்' என்னும் வணிகப்பெயரும் அமெரிக்க மாணவரிடையே வினைச்சொல்லாயிற்று.

இச்சொற்கள் எவற்றிலும் புகையும் இல்லை, இலையும் இல்லை. ஆயினும், கருவியினின்று எழுவது வெறும் நீராவியன்று. கிளிசரின் முதலிய திரவங்கள் சூடேறி நுண்டுளிகளாக வெளிப்படுவன. பெரும்பாலானவற்றில் நிக்கொட்டீனும் கலந்துள்ளது. அது அடிமைப்படுத்துவது, வளரும் பருவத்தினரின் மூளைக்கு ஊறு விளைப்பது. இலங்கை 2016 இலும் இந்தியா 2019 இலும் இதனைத் தடைசெய்தன.

தமிழர் ஈண்டு விழிப்பாயிருத்தல் வேண்டும். 'வேப்பிங்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பின் 'ஆவி பிடித்தல்' என வரும். அதுவோ, பனிமூட்டம் சூழ்ந்த அப்புத்தளையிற் சளி பிடித்த குழந்தைக்குத் தாய் போர்வை மூடிச் செய்யும் கைவைத்தியத்தின் பெயர். மருந்தின் பெயரை நஞ்சுக்குச் சூட்டினால், சொல்லை நம்பும் சிறுவன் பொருளையும் நம்புவான். முன்னோர் அயல்நாட்டுச் செடியைக் கண்டபொழுது அதன் செயலை மறைக்காது புகையிலை என்றனர். 'மின்புகை' என்றாற்போல உண்மையை உணர்த்தும் பெயரொன்றை வழக்கிற் கொணர்தல், அந்நேர்மையைப் போற்றுவார் கடனாம்.