பல்லும் பற்றும்

தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயாவுக்குச் செல்லும் வழிப்போக்கர் பலர், டன்சினன் நீர்வீழ்ச்சியைக் கண்டு களிப்பதற்காக வண்டியை நிறுத்துகின்றனர். ஆனால் அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் உலகின் பல் மருத்துவ நூல்களில் இடம்பெற்றிருப்பதை நம்மவருள் எத்தனை பேர் அறிவோம்?

1970ஆம் ஆண்டில் ஹரால்ட் லோ என்னும் நோர்வே நாட்டு அறிஞரும் அவருடைய குழுவினரும் டன்சினன், ஹரோ ஆகிய தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதித்தனர். அவர்கள் 14 முதல் 31 வயது வரையினர். ஓராண்டு முன்னர் ஒஸ்லோ நகரில் 565 மாணவரையும் கல்விமான்களையும் இக்குழுவினர் பரிசோதித்திருந்தனர். அங்கே பல் மருத்துவம் குறைவின்றிப் பெற்றோர்; இங்கே அதன் வாசனையே அறியாதோர். ஈறுநோய், தடுப்பாரும் தீர்ப்பாரும் இன்றி, தன் போக்கில் எவ்வாறு வளர்கிறது என்பதை அறிவதே ஆராய்ச்சியின் நோக்கம். அதற்கு ஏற்ற மக்களை நமது லயங்களில் கண்டனர்.

பல், எலும்பில் அறைந்த ஆணியன்று. வேரைப் போர்த்த மெல்லிய படையிலிருந்து நுண்ணிய நார்கள் புறப்பட்டுத் தாடையெலும்பினுட் புகுந்து அதைத் தாங்குகின்றன. பல்லில் படியும் அழுக்கு இறுகிக் காறையாகிறது; ஈறு அழன்று வீங்குகிறது; நார்களின் பிடி மேலிருந்து கீழாக மெல்ல மெல்லக் கழன்றுவிடுகிறது. இந்தப் பிடியையே பல்லின் பற்று என்கிறோம். (தோட்டத்தில் ‘பற்று’ என்றால் சம்பளத்தில் கழிபடும் கடன். அந்தக் கணக்கை எழுதுவோர் எப்போதும் இருந்தனர்.)

1971, 1973, 1977, 1982, 1985 என மீண்டும் மீண்டும் வந்து, அந்தப் பற்று எத்தனை மில்லிமீற்றர் தளர்ந்தது என்று அளந்தனர். நூற்றுக்கு ஏறக்குறைய எட்டுப் பேரில் நோய் விரைந்து பரவியது. அவர்கள் 35 வயதில் பன்னிரண்டு பற்களையும், 40 வயதில் இருபது பற்களையும், 45 வயதில் எல்லாப் பற்களையும் இழந்திருந்தனர். எண்பத்தொரு பேரில் அது நிதானமாகப் பரவியது; அவர்கள் 45 வயதில் சராசரி ஏழு பற்களை இழந்தனர். எஞ்சிய பதினொரு பேருக்கு ஈறு அழன்றதோடு சரி. அழுக்கும் காறையும் எல்லார் வாயிலும் ஒரேயளவாக இருந்தும் விளைவு இவ்வாறு வேறுபட்டதே, விஞ்ஞான உலகம் இங்கிருந்து பெற்ற பெரும் பாடம். இன்னுமொரு செய்தி: இம்மக்களிடையே சொத்தை அநேகமாக இல்லை. பழுதற்ற பல்லே பிடி கழன்று விழுந்தது.

இதே அறிஞர் 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் வேறொரு சோதனையை வெளியிட்டிருந்தார். பல் மருத்துவ மாணவர் உள்ளிட்ட பன்னிருவர் சில நாட்கள் பல் துலக்காதிருந்தனர், மூன்று வாரத்துக்குள் எல்லாருக்கும் ஈறு அழன்றது, பின்னர் துலக்கத் தொடங்கினர், நோய் நீங்கிற்று. அங்கே தூரிகை மூன்று வாரத்தில் கைக்குத் திரும்பியது. இங்கே பதினைந்து ஆண்டுகள். அறிஞர்மீது பழி சுமத்துவது நமது நோக்கமன்று. தொழிலாளரை அந்த நிலையில் வைத்திருந்தது அவர்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே நிலைபெற்ற தோட்ட முறை. எனினும் காறையைச் சுரண்டுவதற்கு ஒரு சிறு கைக்கருவி போதுமென்பதை நாம் மறத்தற்கில்லை.

1985இல் முதற் பரிசோதனைக்கு வந்தவர்களில் 161 பேரே எஞ்சினர். இடையிலே 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறின. 1973-74இல் தோட்டங்களைப் பஞ்சம் வாட்டியது. 1977இலும் 1983இலும் வன்செயல் நிகழ்ந்தது. 2010இல் மீண்டும் தேடியபோது 75 பேர் பரிசோதிக்கப்பட்டனர்.

எலும்பு பல்லைப் பற்றும் விதத்தை இங்கே அளந்த காலத்திலேயே, வேறொரு பொருளைப் பல்லோடு பற்றச் செய்யும் வித்தை பிற நாடுகளில் வளர்ந்தது. பழைய இரசக் கலவை பல்லில் ஒட்டாது. அது கழலாதிருக்க, உள்ளே அகன்றும் வாய் குறுகியும் குழி தோண்டி, நல்ல பல்லையும் வெட்ட வேண்டும். 1955இல் அமெரிக்கரான மைக்கல் பொனோகோர், உலோகத்துக்கு வர்ணம் பூசுமுன் பொஸ்பரிக் அமிலம் தடவும் தொழிற்சாலை வழக்கத்தைக் கண்டு, அதைப் பல்லின் எனாமலில் பரீட்சித்தார். சொரசொரப்பான பரப்பைப் பிசின் இறுகப் பற்றியது. ஈரமான உட்பகுதியாகிய டென்டினோ எளிதில் வசப்படவில்லை. நமது தோட்டங்களில் ஐந்தாம் முறை பரிசோதனை நடந்த 1982இலேதான், யப்பானியரான நகபயாஷி, பிசின் டென்டினின் நார்களிடையே ஊறி ஒரு கலப்புப் படையாகும் என்று காட்டினார். அலைமோதும் ஈரப்பாறையை விடாது பற்றும் கடல் மட்டியின் பசையில் டோப்பா என்னும் பொருள் இருப்பதை 1981இல் ஹெர்பர்ட் வெயிட் விளக்கினார். அதைப் பின்பற்றிப் பற்பசை ஆக்கும் முயற்சிகள் ஆய்வுகூடங்களில் தொடர்கின்றன.

நமக்கு இவற்றைவிட நெருக்கமானது, 1972இல் இலண்டனில் வில்சன், கென்ற் இருவரும் வெளியிட்ட கண்ணாடித்தூள் சீமெந்து. அது பல்லிலுள்ள கல்சியத்தோடு தானே பிணைகிறது; புளோரைட்டையும் கசியவிடுகிறது. 1980களில் தன்சானியாவில், மின்சாரமின்றிக் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி அடைக்கும் முறை உருவாயிற்று; பின்னர் இந்தச் சீமெந்தே அதற்குப் பயன்பட்டது. லயத்து வாசலிலேயே செய்யத்தக்க வைத்தியம்.

இன்று லயத்துப் பிள்ளைகளுக்குச் சீனித் தேநீரும் பிஸ்கட்டும் உண்டு. சொத்தையும் வந்து சேர்ந்துவிட்டது. சென்ற தவணையில் நமது வகுப்பு மாணவி ஒருத்தி, கன்னத்தைப் பொத்தியபடி இரண்டு வாரம் இருந்து, பின்னர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு வந்தாள். பாட்டன்மாரின் பல், தலை பழுதுபடாமல் வேர்ப் பிடி கழன்று விழுந்தது. பேத்தியின் பல்லோ தலையிலே சிறு குழி, வேர் உறுதி. பிடுங்கியவர் பெரும்பாடு பட்டாராம். அடைப்பதற்கு இன்னொரு நாள் வரச் சொன்னார்களாம். இன்னொரு நாள் வந்தால் ஒரு பேர் போய்விடுமென்று, தாய் பிடுங்கவே சம்மதித்தாள்.